மும்பையில் அறை தேடிய செவிலியர்: எல்லைக் கிராமங்கள் அறிந்த கதை

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் நெடுஞ்சாலையில், நெய்யாற்றின்கரையைத் தாண்டிப் பாறசாலையை எட்டுவதற்கு முன் வரும் சிற்றூர் உதியன்குளங்கரை. செங்கல் மகேசுவரம் சிவபார்வதி கோயிலுக்குச் செல்வோர் இவ்வூரை அறிவர். இன்னும் சற்றுத் தெற்கே சென்றால் களியக்காவிளை. அங்கே தமிழ்நாடு தொடங்கிவிடுகிறது. பெயரில் உதியன் என்ற சேர மன்னனைக் காண விரும்பும் தமிழன்பர்களைத் தவிர, வெளியூர்க்காரர்கள் இந்த ஊரைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

ஆயினும், 2024-ம் ஆண்டு மே 25-ம் தேதி பிரான்ஸ் நாட்டின் கான் திரைப்பட விழாவில் இரண்டாவது பெரிய பரிசான கிராண்ட் பிரி விருதைப் பெற்ற இந்தியப் படம், இந்த எல்லைக் கிராமங்களிலிருந்து ரயிலேறிச் சென்ற பெண்களின் வாழ்க்கைக்கு மிக நெருக்கமானது. பாயல் கபாடியா இயக்கிய "ஆல் வி இமாஜின் ஆஸ் லைட்" என்ற அப்படம், மும்பை மருத்துவமனை ஒன்றில் பணிபுரியும் மூன்று பெண்களைப் பற்றியது. கேரளத்தில் அது "பிரபயாய் நினச்சதெல்லாம்" என்ற தலைப்பில் வெளியானது. கான் விழாவின் முதன்மைப் போட்டிப் பிரிவில் அதற்கு முன் இடம்பெற்ற இந்தியப் படம் ஷாஜி என். கருணின் "ஸ்வம்". அது 1994-ல். இடையில் 30 ஆண்டுகள்.

பரிசு பெற்ற பெருமையைப் பத்திரிகைகள் போதிய அளவு எழுதிவிட்டன. அந்தப் படத்தைச் சுற்றித் தில்லியிலும் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் எழுந்த கேள்விகளே இங்கு நோக்கத்தக்கவை. அவற்றுள் சில, திருவிதாங்கூரின் இந்தத் தென்கோடியில் முன்பே கேட்கப்பட்டவை.

ரயில் தந்த வாழ்க்கை: தென் திருவிதாங்கூருக்குச் செவிலியர் பணி புதிதன்று. லண்டன் மிஷன் சங்கம் 1838-ல் நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கியது. நாகர்கோவிலில் இரட்சணிய சேனையின் மருத்துவமனை எழுந்தது. சாதி இறுக்கம் மிகுந்த ஒரு நாட்டில், பிறர் உடலைத் தொட்டுப் பணி செய்யும் தொழிலுக்கு முதலில் முன்வந்தவர்கள் பெரும்பாலும் தொடக் கூடாதவர்கள், அருகே வரக் கூடாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குடும்பங்களிலிருந்து கிறிஸ்தவம் தழுவிய பெண்களே. ஊரில் கிடைக்காத மதிப்பை வெள்ளைச் சீருடை தந்தது.

திருவனந்தபுரம் - நாகர்கோவில் - கன்னியாகுமரி ரயில் பாதை 1979-ல் திறக்கப்பட்டது. கன்னியாகுமரியிலிருந்து மும்பைக்கு ஓடிய ஜெயந்தி ஜனதா விரைவு ரயில் இப்பாதையில்தான் குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகச் சென்றது. 2022-ல் அது புணேயுடன் நிறுத்தப்பட்டுவிட்டது. மும்பை, தில்லி மருத்துவமனைகளின் இரவுப் பணி அறைகளில் மலையாளமும் குமரித் தமிழும் கேட்பதற்கு இத்தகைய ரயில்களும் ஒரு காரணம்.

ஊதியம் இன்னொரு காரணம். 2016-ல் உச்ச நீதிமன்ற உத்தரவையொட்டி மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைகளுக்கும் குறைவான தனியார் மருத்துவமனைகளில்கூடச் செவிலியருக்கு மாதம் ரூ. 20 ஆயிரத்துக்குக் குறையாமல் தரவேண்டும் என்று பரிந்துரைத்தது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரக் கேரளச் செவிலியர்கள் 2017-ல் போராட வேண்டியிருந்தது. உள்நாட்டுப் போர் மூண்ட இராக்கின் திக்ரித் நகரிலிருந்து 2014 ஜூலையில் 46 இந்தியச் செவிலியர்கள் மீட்கப்பட்டபோது, அவர்கள் ஏன் அங்கே சென்றார்கள் என்று கேட்டவர்களுக்கு இந்த ஊதியக் கணக்கே விடை.

பிரபாவும் அனுவும்: படத்தின் மூத்த செவிலி பிரபா. பெற்றோர் முடித்துவைத்த திருமணம், கணவர் ஜெர்மனியில். ஓராண்டுக்கும் மேலாக அவரிடமிருந்து அழைப்பு இல்லை. ஒருநாள், அனுப்பியவர் பெயரின்றி ஜெர்மனியில் செய்யப்பட்ட ஒரு ரைஸ் குக்கர் வந்து சேருகிறது. வேறு கடிதம் இல்லை. வளைகுடா நாட்டிலிருந்து பெட்டி வருவதைப் பார்த்துப் பழகிய கேரள, குமரிக் குடும்பங்களுக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை. பொருள் வரும்; ஆள் வரமாட்டார்.

அவருடன் தங்கியிருக்கும் இளைய செவிலி அனு. ஷியாஸ் என்ற முஸ்லிம் இளைஞனைக் காதலிக்கிறாள். ஊரிலிருந்து பெற்றோர் மாப்பிள்ளைகளின் புகைப்படங்களை அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். மூன்றாமவர் பார்வதி, மருத்துவமனைச் சமையற்காரர்; கணவரை இழந்தவர். நெடுங்காலம் வாழ்ந்த குடியிருப்பைக் கட்டுமான நிறுவனம் இடிக்கப்போகிறது. அந்த வீடு தனக்குரியது என்று காட்ட அவரிடம் ஒரு தாள்கூட இல்லை.

பிரபாவாகக் கனி குஸ்ருதி, அனுவாகத் திவ்ய பிரபா, பார்வதியாகச் சாயா கதம் நடித்துள்ளனர். ஷியாஸாக நடித்த ஹிருது ஹாரூனைத் தமிழ் ரசிகர்கள் 2023-ல் வெளியான "குமரி மாவட்டத்தின் தக்ஸ்" படத்தில் பார்த்திருப்பர். படத்தில் மலையாளம், ஹிந்தி, மராத்தி மூன்றும் ஒலிக்கின்றன. எந்த மொழியை யாரிடம் பேசுகிறோம் என்பது இங்கே அலங்காரம் அன்று. பிரபாவிடம் பரிவு கொண்ட மலையாளி மருத்துவர் ஒருவருக்கு ஹிந்தி வாயில் நுழையவில்லை. நகரம் அவரை ஏற்காததற்கு அதுவே அடையாளமாகிறது. தில்லிக்கு வந்த தமிழர்களில் எத்தனை பேர் இதைக் கண்டு புன்னகைத்தார்களோ!

சாவியும் கதவும்: பல கதைமாந்தர்களின் காதலை ஒரே நகரத்தில் பின்னிச் சொல்லும் படங்களுக்கு இந்தியாவில் ஒரு மரபு உண்டாகிவிட்டது. 2007 மே மாதம் வெளிவந்த அனுராக் பாசுவின் "லைஃப் இன் எ மெட்ரோ" அவற்றுள் பெயர்பெற்றது. தர்மேந்திரா, நபீசா அலி, ஷில்பா ஷெட்டி, கே கே மேனன், இர்ஃபான் கான், கொங்கணா சென் சர்மா, கங்கனா ரணாவத், ஷர்மான் ஜோஷி என்று நீண்ட நடிகர் பட்டியல். 2025 ஜூலையில் "மெட்ரோ இன் தினோ" என்ற தொடர்ச்சியும் வந்தது. மும்பையோடு தில்லி, கொல்கத்தா, பெங்களூரு ஆகியவையும் சேர்ந்துகொண்டன. தமிழில் ஹலிதா ஷமீமின் "சில்லுக்கருப்பட்டி" (2019) சென்னைக்கு அதைச் செய்தது.

பாசுவின் முதல் படத்தில் ஷர்மான் ஜோஷியின் பாத்திரம், தன் அடுக்ககத்தின் சாவியை மேலதிகாரிகளுக்கு இரவல் தந்து பதவி உயர்வு தேடுகிறது. பில்லி வைல்டர் 1960-ல் எடுத்த "தி அபார்ட்மெண்ட்" படத்தின் கரு அது. அங்கே மனம் உடைகிறது, மணவாழ்வு முறிகிறது. ஆனால் அறை இருக்கிறது. சாவி கைமாறினால் போதும், கதவு திறந்துவிடும்.

கபாடியாவின் படத்தில் சாவி யாரிடமும் இல்லை. அனுவுக்கும் ஷியாஸுக்கும் தனித்திருக்க ஓர் இடம் இல்லை. ஷியாஸின் குடும்பத்தார் வெளியூர் போகும் ஒருநாள், அவனுடைய குடியிருப்புப் பகுதிக்குள் யாரும் ஐயுறாமல் நுழைவதற்காக அனு கடையில் புர்கா வாங்குகிறாள். அதன்பின்னும் அந்தச் சந்திப்பு நடக்காமல் போகிறது. நமது திரைக்காதலர்கள் சுவிட்சர்லாந்து மலைகளில் ஆடிப்பாடிக்கொண்டிருந்த காலத்தில் இப்படியொரு காட்சியை எழுதத் தயாரிப்பாளர் அனுமதித்திருப்பாரா என்பது ஐயமே.

1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்த நகரம் அது. ஆலைகள் மூடின, அந்த நிலங்களில் உயர்ந்த கோபுரங்கள் எழுந்தன. பார்வதியின் வீட்டுப் பிரச்னையையும் அனுவின் காதலையும் ஒரே படத்தில் வைத்ததன் நியாயம் இங்கே இருக்கிறது. தன் பெயரில் கதவு இல்லாதவருக்கு அந்தரங்கமும் இல்லை. காதலைப் பற்றிப் பேசும் நகரப் படங்கள் பலவும் வாடகை ரசீதைக் காட்டுவதில்லை. இந்தப் படம் காட்டுகிறது. அதனால்தான் அதை அரசியல் படம் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

அறிவிப்புப் பலகையில் காதல்: ஹிந்துப் பெண், முஸ்லிம் இளைஞன் என்ற இணை 2024-ம் ஆண்டின் இந்தியாவில் வெறும் கதைக்கரு அன்று. உத்தரப் பிரதேச அரசு 2020 நவம்பரில் மதமாற்றத் தடை அவசரச் சட்டம் கொண்டுவந்தது. பாஜக ஆளும் வேறு சில மாநிலங்களும் தொடர்ந்தன. கேரளத்தில் மதம் மாறி மணந்த ஒரு பெண்ணின் திருமணத்தை 2017 மே மாதம் உயர் நீதிமன்றம் செல்லாதென்றது. 2018 மார்ச் 8-ம் தேதி உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்து, வயது வந்த ஒருவர் தம் துணையைத் தேர்ந்தெடுப்பது அவரது உரிமை என்று உறுதி செய்தது. அதற்காக அப்பெண் தில்லி வரை வந்து நீதிபதிகள் முன் நிற்க வேண்டியிருந்தது.

மதம் மாறாமலே மணக்க வழிசெய்யும் 1954-ம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டமோ, 30 நாள் முன்னறிவிப்பைக் கோருகிறது. பதிவு அலுவலகத்தின் பலகையில் இருவர் பெயரும் தொங்கும், ஆட்சேபிப்போர் ஆட்சேபிக்கலாம். 2021 ஜனவரியில் அலாகாபாத் உயர் நீதிமன்றம் இந்த அறிவிப்பை வெளியிடுவது மணமக்களின் விருப்பத்தைப் பொருத்தது என்று கூறியது. அனு புர்கா வாங்கும் கடையிலிருந்து இந்தப் பலகை வெகுதொலைவில் இல்லை.

இதற்கு முன்னரே, தில்லியை ஒட்டிய நொய்டாவில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டு வெளிநாடு செல்லக் காத்திருக்கும் மலையாளித் தம்பதியைப் பற்றி மகேஷ் நாராயணன் "அறியிப்பு" (2022) எடுத்தார். லோகார்னோ விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்ற அப்படத்தின் நாயகியும் திவ்ய பிரபாதான். ஊரைவிட்டு வந்த உழைப்பாளியின் தாம்பத்தியத்தை நகரம் எப்படித் தின்கிறது என்பதைத் தலைநகர்ப் பகுதியிலேயே வைத்துக் காட்டிய படம். தலைநகரில் அதிகம் பேசப்படவில்லை.

வாழ்த்தும் வழக்கும்: கான் பரிசு அறிவிக்கப்பட்டதும் பிரதமர் நரேந்திர மோடி பாயல் கபாடியாவுக்கு வாழ்த்துத் தெரிவித்தார். புணே திரைப்படக் கல்லூரியின் மாணவியாக இருந்தபோது அதே கபாடியா, நடிகர் கஜேந்திர சௌஹான் கல்லூரித் தலைவராக நியமிக்கப்பட்டதை எதிர்த்து 2015-ல் 139 நாள்கள் நடந்த வேலைநிறுத்தத்தில் முன்னின்றவர். அப்போது இயக்குநரை மாணவர்கள் முற்றுகையிட்டது தொடர்பாக 35 பேர் மீது தொடரப்பட்ட வழக்கில் அவர் பெயரும் உண்டு. அவரைக் குறித்து நாடு பெருமைப்படுகிறதென்றால் வழக்கைத் திரும்பப் பெற வேண்டாமா என்று கேட்டவர், காங்கிரஸ் தலைவர் சசி தரூர். நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் அவருடைய திருவனந்தபுரம் மக்களவைத் தொகுதிக்குள் அடங்கியவை.

2024 செப்டம்பர் 23-ம் தேதி சென்னையில் இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பு, ஆஸ்கருக்கான இந்தியப் பரிந்துரையாகக் கிரண் ராவின் "லாபதா லேடீஸ்" படத்தை அறிவித்தது. ஜானு பரூவா தலைமையிலான 13 பேர் குழு. பெண் ஒருவரும் இல்லை. தேர்வான படத்தின் மீது குறை சொல்வதற்கில்லை. அதுவும் பெண்களைப் பற்றிய நல்ல படமே. ஆனால் கபாடியாவின் படம் ஏன் விலக்கப்பட்டது என்பதற்குக் கூட்டமைப்பின் தலைவர் ரவி கொட்டாரக்கரா சொன்ன காரணம் வியப்பளித்தது: இந்தியாவில் நடக்கும் ஓர் ஐரோப்பியப் படத்தைப் பார்ப்பதுபோல் இருந்ததாம்.

பிரெஞ்சு நிறுவனத்தின் கூட்டுத் தயாரிப்பு என்பது உண்மை. ஐரோப்பியப் பணம் இல்லாமல் இத்தகைய படங்களுக்கு இங்கே முதல் போட ஆளில்லை என்பதும் உண்மை. மலையாளச் செவிலியரும் கொங்கணக் கடற்கரைச் சமையற்காரரும் மும்பை மின்ரயிலில் நசுங்கும் படம் எந்த வகையில் ஐரோப்பியம் என்பதைக் குழு விளக்கவில்லை. ஓரிடத்தவர்தானா நீ என்று கேட்டு ஒதுக்குவதற்கு விளக்கம் தேவைப்படுவதில்லை போலும்.

தானியலிடம் கேட்ட கேள்வி: எல்லைக் கிராமங்களுக்கு இக்கேள்வி பழையது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் தாய்த் தமிழகத்துடன் இணைக்கக் கோரிய வட்டங்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. நேசமணி தலைமையிலான அப்போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று துப்பாக்கிச் சூடும் உயிரிழப்புகளும் நேர்ந்தன. 1956 நவம்பர் 1-ல் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தென் வட்டங்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஒரே குடும்பத்தின் அண்ணன் தமிழ்நாட்டவராகவும் தம்பி கேரளத்தவராகவும் ஆயினர்.

மலையாளத் திரையுலகின் தந்தை என்று இன்று போற்றப்படும் ஜே.சி. தானியல் இப்பகுதியின் தமிழர். குடும்பச் சொத்தை விற்று, 1920-களின் இறுதியில் திருவனந்தபுரத்தில் "விகதகுமாரன்" என்ற மௌனப்படத்தை எடுத்தார். எல்லாம் இழந்து, அகத்தீசுவரத்தில் வறுமையில் வாழ்ந்து 1975-ல் மறைந்தார். உதவித்தொகை கோரப்பட்டபோது, அவர் தமிழ்நாட்டில் வசிப்பவர் என்று கேரள அதிகாரிகள் கைவிரித்த கதையைக் கமல் இயக்கிய "செல்லுலாய்ட்" (2013) சொல்கிறது. மலையாளத்தின் உயரிய திரை விருதுக்கு அவர் பெயரைச் சூட்டியது 1992-ல். விருதை அவர் பெயரில் பிறர் வாங்குகிறார்கள்.

தானியலுக்காவது விருது கிடைத்தது. அப்படத்தின் நாயகி பி.கே. ரோசி, புலையர் சமூகத்தைச் சேர்ந்த கூலித்தொழிலாளிப் பெண். நாயர் குலப் பெண்ணாகத் திரையில் தோன்றியதே அவர் செய்த குற்றம். தாழ்த்தப்பட்ட பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நெடிய போராட்டம் நடத்தி, 1859-ல் அரசாணை பெற்ற அதே திருவிதாங்கூரில், எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு தலித் பெண் திரையில் அணிந்த உடை ஆதிக்க சாதியினரைக் கொதிக்க வைத்தது. முதற்காட்சி நடந்த திருவனந்தபுரம் கேபிடல் அரங்கில் திரையின் மீது கல் வீசப்பட்டது. அவரது குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. லாரியொன்றில் ஏறித் தப்பி, அதன் ஓட்டுநரையே மணந்து, நாகர்கோவிலில் ராஜம்மாள் என்ற பெயரில் வாழ்ந்தார் என்பது அவரைப் பற்றி எழுதியவர்கள் கூறும் வரலாறு. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் போகும் பெருவழி, நெய்யாற்றின்கரையும் உதியன்குளங்கரையும் பாறசாலையும் அமைந்த இந்த வழிதான்.

"பிரியாணி" படத்துக்காகக் கேரள அரசின் சிறந்த நடிகை விருது 2020-ல் அறிவிக்கப்பட்டபோது, அதைப் பி.கே. ரோசிக்குச் சமர்ப்பித்தார் திருவனந்தபுரத்தைச் சேர்ந்த ஒரு நடிகை. அவரே பின்னாளில் பிரபாவாக நடித்த கனி குஸ்ருதி. ரோசியின் பெயரில் மலையாளத் திரைப்பெண்கள் அமைப்பு 2019-ல் திரைக்கழகம் தொடங்கியது. சென்னையில் இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் அமைப்பு ரோசி பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது.

இதெல்லாம் நடந்த பின்னும், 2024 நவம்பரில் இந்தியத் திரையரங்குகளில் கபாடியாவின் படம் வெளியானபோது, திவ்ய பிரபா நடித்த அந்தரங்கக் காட்சி ஒன்று தனியே வெட்டியெடுக்கப்பட்டுக் கைப்பேசிகளில் பரவியது. கான் பரிசு பெற்ற படத்திலிருந்து அத்துணுக்கை மட்டும் தேடிப் பார்த்தவர்கள் பலர். நடிகை அதைக் கண்டித்தார். மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலை பற்றிய நீதிபதி ஹேமா குழு அறிக்கை வெளிவந்து மூன்று மாதங்களே ஆகியிருந்தன. கல்லுக்குப் பதில் கைப்பேசி, குறி மாறவில்லை.

அடுத்த மாதம், 2024 டிசம்பரில் நடந்த 29-வது கேரள சர்வதேசத் திரைப்பட விழாவில் பாயல் கபாடியாவுக்கு "ஸ்பிரிட் ஆஃப் சினிமா" விருதும் ரூ. 5 லட்சமும் வழங்கப்பட்டன. தானியலின் படத்தைத் திரையிட்ட அதே திருவனந்தபுரத்தில்தான். "விகதகுமாரன்" படத்தின் பிரதி எதுவும் இன்று எஞ்சவில்லை. நாகர்கோவிலில் ராஜம்மாளாக வாழ்ந்த பெண்ணின் பிள்ளைகளுக்கே, தம் தாய் ஒரு மொழியின் முதல் கதாநாயகி என்ற செய்தி அதிகம் தெரிந்திருக்கவில்லை என்று எழுதப்பட்டுள்ளது.